சோடா சூளையில் கிளேஸ் கோளாறு: செய்முறையை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

புதுச்சேரிப் பக்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் மண்பாண்டக் கூடத்தில் ஒருமுறை நாற்பது தேநீர்க் குவளைகளைச் சோடா சூளையில் (சூடேறிய சூளைக்குள் சோடாவைப் போட்டு, அது பாண்டத்தின் மேல் கண்ணாடியாகப் படியும்படி சுடும் சூளை) அடுக்கினோம். எல்லாம் ஒரே களிமண், ஒரே வாளியில் முக்கியெடுத்த செலடான் கிளேஸ் (சுடும்போது உருகிக் கண்ணாடியாகும் வெளிர்பச்சைப் பூச்சு). சூளையைப் பிரித்தபோது பாதிக்கு மேல் மழையில் நனைந்த வாழையிலை போல மின்னின. மற்றவை உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தன. நாலைந்து குவளைகளில் கிளேஸ் வழிந்து ஷெல்ஃபோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கிளேஸ் செய்முறைதான் சரியில்லை என்று நினைத்தேன். கிளேஸை உருகவைக்கும் ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தைக் கூட்டினேன், அடுத்த முறை சிலிக்காவைக் குறைத்தேன், அப்புறம் வேறு செய்முறைக்கே போனேன். மூன்று சுடல்கள் வீணாகின. நான்காவது முறை, இறக்குவதற்கு முன் எந்தக் குவளை எங்கே நின்றது என்று தாளில் குறித்துப் பார்த்தேன். சொரசொரத்தவை எல்லாம் ஒரு பெரிய ஜாடிக்குப் பின்னால் நின்றவை. வழிந்தவை சோடா தெளிக்கும் துளைக்கு நேரெதிரே நின்றவை. வாளியில் இருந்த கிளேஸில் ஒரு குறையும் இல்லை.

சோடா சூளையில் வரும் கிளேஸ் கோளாறுகளில் பெரும்பாலானவை பாண்டம் நின்ற இடத்திலும் சோடா போன நேரத்திலும்தான் தொடங்குகின்றன. செய்முறைக் கோளாறும் உண்டு, ஆனால் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். இந்த வழிகாட்டியின் வரிசையும் அதுதான். கோன் 10 வரை சுடும் கேஸ் சூளையை மனதில் வைத்து எழுதுகிறேன் (கோன் என்பது குறிப்பிட்ட சூட்டில் சாயும் சிறு கூம்பு; எண் கூடினால் சூடும் கூடும்). விறகுச் சூளைக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

சோடா எப்படிப் பயணிக்கிறது

ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியில் பல நூற்றாண்டுகளாக உப்புச் சூளை இருந்தது. கொதிக்கும் சூளைக்குள் சாப்பாட்டு உப்பைப் போடுவார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடும் அலுமினாவோடும் சேர்ந்து பாண்டத்தின் மேலேயே கண்ணாடி ஆகிவிடும். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் வெளியே வரும். அது மூச்சுக்கும் ஆகாது, பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கும் ஆகாது. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் 1970-களின் தொடக்கத்தில் உப்புக்குப் பதில் சோடியம் கார்பனேட்டையும் பைகார்பனேட்டையும் வைத்துச் சோதனைகள் நடந்தன. சோடா சூளை பரவலானது அதற்கப்புறம்தான்.

உப்பை விட்டுச் சோடாவுக்கு வந்தபோது புகை குறைந்தது. ஆனால் உப்பின் ஒரு வசதியும் போய்விட்டது. உப்பு சட்டென்று ஆவியாகி மூலை முடுக்கெல்லாம் பரவும். சோடா அப்படிச் சுலபமாக ஆவியாவதில்லை. தீயோடு ஓடி, முதலில் எதிர்ப்படும் பரப்பிலேயே பிடித்துக்கொள்ளும். எனக்குச் சூளை பழக்கிய அண்ணன் ஒருவர் சொல்வார்: “தம்பி, இது காத்து மாதிரி சுத்திச் சுத்தி வராது. சுவத்துல எறிஞ்ச சாணி மாதிரி, பட்ட இடத்துல ஒட்டிக்கும்.” சோடா பாண்டத்தின் அழகும் இதனால்தான் வருகிறது. தீ பட்ட பக்கம் பளபளவென்று கண்ணாடியாகவும், மறுபக்கம் காவியும் பழுப்புமாகவும் வருவது சாதாரண கேஸ் சுடலில் கிடைக்காது. இங்கே பேசப்போகிற பாதிக் கோளாறுகளுக்கும் அதே குணம்தான் காரணம்.

படி 1: இறக்குவதற்கு முன் வரைபடம்

சூளையைத் திறந்ததும் கை பரபரக்கும். அதை அடக்குங்கள். முதலில் ஒவ்வொரு ஷெல்ஃபையும் மேலிருந்தும் முன்னாலிருந்தும் படம் எடுங்கள். அப்புறம் காகிதப் பசைநாடாவைச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து, பாண்டம் ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி (சூளையில் தீ எரியும் அறை) இருந்த பக்கத்தை நோக்கி ஓர் அம்புக்குறி ஒட்டுங்கள். ஷெல்ஃப் எண்ணையும் எழுதுங்கள். அரை மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் இறக்கிவிட்டால் அந்தச் சுடல் சொல்லவந்த சேதியில் பாதி போய்விடும். மேசை மேல் கலந்து கிடக்கும் குவளைகளை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இறக்கிய பின் கோளாறு உள்ளவற்றை மட்டும் தனியே வரிசைப்படுத்தி இரண்டு கேள்விகள் கேளுங்கள். கோளாறு அம்புக்குறிப் பக்கம் இருக்கிறதா, முதுகுப் பக்கமா? ஒரே ஷெல்ஃபில் கூடிக் கிடக்கிறதா, சூளை முழுக்கச் சிதறிக் கிடக்கிறதா? ஒரு பக்கமாகவோ ஒரு மூலையிலோ கூடினால் அது இடத்தின் கோளாறு. எல்லா ஷெல்ஃபிலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் மட்டும் சோடாவின் அளவு, நேரம், கடைசியாகச் செய்முறை என்று போகலாம்.

உடைந்த துண்டு ஏதாவது கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். வெட்டுமுகத்தை வெயிலில் பிடித்து நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். உடலுக்கு மேலே கிளேஸ் ஒரு படலமாகத் தெரியும். சோடா அதிகம் விழுந்த பக்கத்தில் அந்தப் படலம் தடித்து, உடலோடு சேரும் கோடு மங்கியிருக்கும். முதுகுப் பக்கத்தில் மெலிந்து கோடு கூர்மையாக இருக்கும். ஒரே குவளையின் இரண்டு பக்கத்தையும் இப்படி ஒருமுறை பார்த்துவிட்டால் இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

படி 2: உங்கள் மூட்டையில் இருப்பது என்ன சோடா

இதைப் பலர் பார்ப்பதே இல்லை. கடையில் ‘சோடா’ என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள் கிடைக்கலாம். சோடா ஆஷ் என்பது நீரில்லாத சோடியம் கார்பனேட். ஆப்ப சோடா என்பது பைகார்பனேட். சூடானதும் நீரையும் கரியமில வாயுவையும் விட்டுவிட்டு, ஒரு கிலோவுக்கு சுமார் 630 கிராம் கார்பனேட்டாகச் சுருங்கும். மூன்றாவது சலவை சோடா. படிகமாக இருக்கும் சலவை சோடாவின் எடையில் 63 சதவீதம் வெறும் தண்ணீர். அதாவது ஒரு கிலோ சோடா ஆஷ் செய்யும் வேலைக்கு ஆப்ப சோடா சுமார் 1.6 கிலோ வேண்டும், சலவை சோடாப் படிகம் சுமார் 2.7 கிலோ வேண்டும்.

ஒரு கடையில் எங்களுக்குச் சோடா ஆஷ் என்று சொல்லி சலவை சோடாவைக் கொடுத்துவிட்டார்கள். வழக்கமான எடையைத்தான் போட்டோம். சூளை முழுக்க வெளிறிப்போய், மெல்லிய பழுப்பு மட்டும் ஏறி வந்தது. மூட்டைக்குள் கை விட்டுப் பார்த்தபோதுதான் கற்கண்டு மாதிரி படிகங்கள் கையில் தட்டுப்பட்டன. சோடா ஆஷ் மாவு மாதிரியோ நுண்ணிய குருணை மாதிரியோதான் இருக்கும்.

சரியான சோடா ஆஷ் வாங்கியிருந்தாலும் மழைக்காலத்தில் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். முழுக்க ஈரம் இழுத்த சோடா ஆஷின் எடை 17 சதவீதம் வரை கூடும். நீங்கள் எடைபோடுவதில் அவ்வளவும் தண்ணீர். மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு கிண்ணத்தில் 100 கிராம் எடுத்து, பழைய வாணலியில் நன்றாக வறுத்து மறுபடி எடை பாருங்கள்.

படி 3: கரைசல், தெளிப்பான், துளை

எங்கள் 24 கன அடிச் சூளைக்கு இப்போது 1.4 கிலோ சோடா ஆஷை 5 லிட்டர் வெந்நீரில் கரைக்கிறோம். இது எங்கள் சூளைக்கான எண்; உங்கள் சூளைக்கு இதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் எதற்கு என்றால், சோடா ஆஷின் கரைதிறன் வெப்பத்தோடு வேகமாக மாறுகிறது. 35 டிகிரி நீரில் கரைவதில் பாதிகூட 20 டிகிரி நீரில் கரையாது. மார்கழி விடியற்காலையில் தெளிக்கிறீர்கள் என்றால் கரைசல் ஆறும்போதே தெளிப்பானின் மூக்கில் ஊசி ஊசியாகப் படிகம் முளைத்து அடைத்துக்கொள்ளும். அடைத்த மூக்கிலிருந்து தூறலாக வராமல் பீய்ச்சியடிக்கும். அந்தப் பீய்ச்சல் நேரே பாண்டத்தில் விழுந்த இடத்தில் பச்சைக் குட்டையும் கொப்புளமும் வரும். பார்க்கிறவர் அதைக் கிளேஸ் கொதித்துவிட்டது என்பார். தெளிப்பானை வெந்நீர் வாளிக்குள் நிறுத்தி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அலுமினியப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். சோடா அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயுவும் வரும். எவர்சில்வர் வாளியும், எஃகுக் குழாய் பொருத்திய தெளிப்பானும் போதும். ஆப்ப சோடாவைக் கொதிநீரில் கொட்டினால் நுரைத்துப் பொங்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கண்ணாடி, நீண்ட தோல் கையுறை, ஆவிக்கான முகமூடி மூன்றும் இல்லாமல் துளையருகே போகவே வேண்டாம். சோடாத் தூறல் கண்ணில் பட்டால் விளையாட்டல்ல.

தெளிக்கும்போது பத்து நொடிக்கு மேல் ஒரே துளையில் நிற்காதீர்கள். ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம் என்று மாறி மாறிப் போங்கள். குழாயின் முனை தீ ஓடும் பாதையைப் பார்க்க வேண்டும், பாண்டத்தைப் பார்க்கக் கூடாது. துளைக்கு எதிரே ஒரு செங்கல்லை நிறுத்தி, சோடா அதில் மோதிச் சிதறும்படி செய்தால் முன்வரிசைப் பாண்டங்கள் தப்பிக்கும்.

தெளிக்காமல் போடுகிற முறையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கெயில் நிக்கல்ஸ் சோடா ஆஷ், ஆப்ப சோடா, வைட்டிங் (சுண்ணாம்புக்கல் பொடி) மூன்றையும் நீர் விட்டுப் பிசைந்து, இறுகிய கட்டிகளைத் தீப்பெட்டியில் போடும் முறையை உருவாக்கினார். தண்ணீர் குறைவு என்பதால் சூளை வெப்பம் அவ்வளவாக விழாது. முன்வரிசையில் பீய்ச்சல் தழும்பு விழும் சூளைகளுக்கு இதை முயன்று பார்க்கச் சொல்வேன்.

படி 4: நேரம். கோனை நம்பலாமா?

கோன் 8 சாய்ந்து 9 மென்மையாகத் தொடங்கும்போது சோடாவை ஆரம்பிக்கிறோம். வெப்பம் அப்போது 1250 டிகிரியை ஒட்டி இருக்கும். முழு அளவையும் எட்டு அல்லது பத்துத் தவணையாக, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் கொடுக்கிறோம். சீக்கிரம் தொடங்கினால் பாண்டத்தின் மேற்பரப்பு முன்கூட்டியே மூடிக்கொண்டு கரி உள்ளே மாட்டும். தாமதமாகத் தொடங்கினால் கடைசித் தவணை உருகிச் சேர நேரம் கிடைக்காது.

சோடா உள்ளே போன பிறகு கோன் பொய் சொல்லும். சோடா கோனையும் உருக்குவதால் வெப்பம் எட்டும் முன்பே அது சாய்ந்துவிடும். கோன் 10 விழுந்துவிட்டது என்று நினைத்துச் சூளையை அணைத்திருப்பீர்கள், உள்ளே கிளேஸ் வேகாமல் வறண்டு நிற்கும். தெர்மோகப்பிள் (வெப்பமானி) எண்ணையும் பார்வையையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றையும்விட வளையத்தை நம்புங்கள்.

வளையம் என்பது பாண்டம் செய்த அதே களிமண்ணில் சுண்டுவிரல் தடிமனில் செய்து, பார்வைத் துளைக்குப் பின்னால் நிற்க வைக்கும் சோதனைத் துண்டு. குறைந்தது ஆறு செய்யுங்கள். பாதியை வெறுமனே விடுங்கள், பாதியில் உங்கள் ஸ்லிப்பை (நிறத்துக்காகப் பூசும் களிக்குழம்பு) பூசுங்கள். மூன்றாவது தவணைக்கு அப்புறம் ஒன்று, ஆறாவதுக்கு அப்புறம் ஒன்று என்று இரும்புக் கம்பியால் கொக்கி போட்டு வெளியே எடுங்கள். செங்கல் மேல் வைத்தால் ஆரஞ்சிலிருந்து சிவப்பாகி ஒரு நிமிடத்தில் கறுக்கும். ஆறியதும் விரல் நுனியால் தடவுங்கள். சரியான அளவில் ஆரஞ்சுத் தோல் போலச் சிறு மேடுபள்ளம் தட்டுப்படும், விரல் வழுக்கும். நகத்தால் கீறினால் ‘சர்’ என்று சத்தம் வந்தால் சோடா இன்னும் போதவில்லை. வளையத்தின் உட்பக்கத்தையும் பாருங்கள். வெளியே கண்ணாடியாகவும் உள்ளே வறண்டும் இருந்தால் சோடா போகிறது, சுற்றவில்லை என்று அர்த்தம். அப்போது அளவைக் கூட்டாமல் டேம்பரை (புகைபோக்கியின் வழியை அடைக்கும் பலகை) கொஞ்சம் உள்ளே தள்ளி அடுத்த தவணையைக் கொடுங்கள். டேம்பரை அதிகம் மூடினால் துளை வழியே தீ வெளியே சீறும், எனவே பக்கவாட்டில் நின்றே செய்யுங்கள். வளையத்தின் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். வேகமாக ஆறியதால் அது சாம்பலாகத்தான் இருக்கும். கண்ணாடியின் தடிமனை மட்டும் படியுங்கள்.

இன்னொன்று. புதுச் சூளையின் செங்கற்கள் முதல் சில சுடல்களில் சோடாவைத் தாங்களே குடித்துவிடும். பல சுடல் கண்ட சூளையில் சுவரே சோடாவைத் திருப்பிக் கொடுக்கும். போன வருடத்து அளவையே இந்த வருடமும் போட்டு, இப்போது மட்டும் ஏன் எல்லாம் வழிகிறது என்று குழம்பியவர்களை எனக்குத் தெரியும்.

படி 5: கோளாறு ஒவ்வொன்றாக

*வறண்ட, சொரசொரப்பான பகுதி.* இடம் என்று வரைபடம் சொன்னால் அடுக்கும் முறையை மாற்றுங்கள். சாதாரணச் சூளையில் பாண்டங்களை விரல் இடைவெளியில் நெருக்கி வைப்போம். சோடாவுக்கு அது போதாது. பாண்டத்துக்குப் பாண்டம் மூன்று விரல் இடைவெளி விடுங்கள். உயரமானவை புகைபோக்கிப் பக்கம், குட்டையானவை தீப்பக்கம். எப்படி அடுக்கினாலும் ஒரு நிழல் மூலை இருக்கத்தான் செய்யும். அங்கே சோடாவை நம்பாத, தானே முழுக்க உருகும் கிளேஸ் பூசிய பாண்டங்களை வையுங்கள். சோடாவை மட்டும் நம்பும் வெற்றுக் களிமண் பாண்டத்தை அங்கே வைத்துவிட்டு அழுவதில் பயனில்லை.

*வழிதல்.* சோடியம் பலமான உருக்கி. சாதாரண ரிடக்ஷன் (காற்றைக் குறைத்துச் சுடும்) சூளையில் கோன் 10-இல் அசையாமல் நிற்கும் கிளேஸ், சோடாச் சூளையில் அதற்கு மேல் ஒன்றிரண்டு கோன் சுட்ட மாதிரி நடந்துகொள்ளும். முதலில் பூச்சின் தடிமனைக் குறையுங்கள், அடியில் இரண்டு சென்டிமீட்டர் வெறுமனே விடுங்கள். டென்மோகு போல இரும்பு கூடிய கிளேஸ்களுக்கு மூன்று சென்டிமீட்டர். அதற்கும் அடங்கவில்லை என்றால் கிளேஸில் சைனா கிளேயை (வெள்ளைக் களிமண்) 5 பங்கு கூட்டுங்கள். அலுமினா கூடும்போது உருகல் கெட்டிப்படும். கூட்டுவதில் பாதியைச் சுட்ட சைனா கிளேயாகப் போடுங்கள். பச்சைக் களி அதிகமானால் கிளேஸ் காயும்போது வெடித்து, சுடலில் உருண்டு ஒதுங்கும். அப்புறம் ஒரு கோளாறை விரட்டப் போய் இன்னொன்றை வாங்கியது போலாகிவிடும்.

*உள்பக்கம் வெறுமை.* குவளையின் உள்ளே சோடா அதிகம் போகாது. கழுத்துக் குறுகிய குப்பி என்றால் சுத்தமாகப் போகாது. சாப்பாட்டுக்கான எந்தப் பாண்டத்துக்கும் உள்ளே லைனர் கிளேஸ் (உட்பூச்சு) கட்டாயம். விளிம்பில் லைனரும் சோடாவும் சந்திக்கும் இடம் இரட்டிப்பாக உருகும். அங்கே லைனரை விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழேயே துடைத்துவிடுங்கள்.

*வெடிப்பு வலை.* இறக்கி வைத்த இரவு அறையில் ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்கும். சோடியம் கண்ணாடி சூட்டில் அதிகம் விரியும், ஆறும்போது அதே அளவு சுருங்கும். உடல் அவ்வளவு சுருங்காததால் மேலே இருக்கும் கண்ணாடி வலைபோல வெடிக்கிறது. வெளிப்பக்கத்தில் சோடா தடித்துக் கிடந்தால் இதை முழுக்க நிறுத்த முடியாது, அளவைக் குறைக்கலாம் அவ்வளவுதான். லைனர் வெடித்தால் அதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். லைனரில் சிலிக்காவை ஐந்தைந்து பங்காகக் கூட்டிப் பாருங்கள். ஃபெல்ட்ஸ்பாரில் ஒரு சின்னப் பகுதியை எடுத்துவிட்டு டால்க் சேர்ப்பதும் உதவும். சோதிக்க, குவளையை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து, காலையில் எவர்சில்வர் தொட்டிக்குள் நிறுத்திக் கொதிநீர் ஊற்றுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்து, உள்ளே மை தடவித் துடைத்துப் பாருங்கள். கோடு தெரியவில்லை என்றால் நல்லது.

*ஸ்லிப் உரிதல்.* காவி, ஆரஞ்சு நிறங்களுக்காகப் பூசும் ஸ்லிப்பில் பெரும்பங்கு சைனா கிளேதான். நாங்கள் 80 பங்கு சைனா கிளே, 20 பங்கு நெஃபலின் சயெனைட் (ஃபெல்ட்ஸ்பார் போல உருகவைக்கும் பாறைப் பொடி) என்று தொடங்கினோம். ஈரம் சற்று இறுகிய பாண்டத்தில் பூசினால் இரண்டும் சேர்ந்து சுருங்கும். பிஸ்க் செய்த (கிளேஸ் பூசும் முன் ஒருமுறை சுட்ட) பாண்டத்தில் பூசினால் ஸ்லிப் மட்டும் சுருங்கிச் செதில் செதிலாக உதிரும். அங்கே சைனா கிளேயில் பாதியைச் சுட்டுப் பயன்படுத்துங்கள், பால்போல மெல்லியதாகப் பூசுங்கள். நிறமே வரவில்லை என்றால் வேறு ஊரின் சைனா கிளே வாங்கிப் பாருங்கள். மிகச் சுத்தமான வெள்ளைக் களியில் நிறத்துக்கான இரும்பும் டைட்டானியமும் போதிய அளவு இருக்காது. கொஞ்சம் அழுக்கான களிதான் இங்கே அழகு.

*சாம்பல் படலம், கரி மாட்டுதல்.* சோடா கொடுக்கும்போது ரிடக்ஷன் அதிகமாக இருந்தால் கரி கண்ணாடிக்குள் அடைபடும். ஷினோ என்ற ஜப்பானியக் கிளேஸில் இதை விரும்பிச் செய்கிறோம், செலடானில் அழுக்காகத் தெரியும். தவணைகளின்போது ரிடக்ஷனை மிதமாக வையுங்கள். கடைசித் தவணைக்குப் பின் இருபது முப்பது நிமிடம் காற்றைச் சற்றுக் கூட்டி அதே வெப்பத்தில் நிறுத்துங்கள். பாண்டத்தின் மேல் மட்டும் படிந்து இன்னும் சேராமல் நிற்கும் சோடாவும் அந்த நேரத்தில் உருகிச் சேர்ந்துவிடும்.

*மங்கல்.* தெளிவாக வரவேண்டியது பால்போல மங்கினால் ஆறிய வேகத்தைப் பாருங்கள். கால்சியம் கூடிய கிளேஸ் மெல்ல ஆறும்போது நுண்படிகம் கட்டும். பளபளப்பு வேண்டுமென்றால் பர்னரை அணைத்ததும் டேம்பரைத் திறந்து 1000 டிகிரி வரை வேகமாக இறக்கி, அப்புறம் எல்லாவற்றையும் மூடுங்கள். ஸ்லிப்பின் ஆரஞ்சும் இதில் பிரகாசமாகும். மங்கலே வேண்டும் என்பவர்கள் உடனே மூடலாம்.

*பச்சைச் சொட்டுகள்.* இது உங்கள் கிளேஸே அல்ல. சூளையின் கூரை வளைவில் படிந்த சோடா, செங்கல்லை உருக்கிச் சொட்டியது. செய்து முடித்த தட்டின் நடுவில் ஒரு சொட்டு விழுந்தால் நெஞ்சு பதறும். ஒவ்வொரு சுடலுக்கும் முன் வளைவைக் கம்பித்தூரிகையால் சுரண்டி, அலுமினா கலந்த பூச்சைப் புதுப்பியுங்கள். தட்டு, அகலக் கிண்ணம் போன்றவற்றை மேல் அடுக்கில் வைக்காதீர்கள்.

*ஒட்டுதல்.* அலுமினா ஹைட்ரேட்டும் சைனா கிளேயும் பாதிப் பாதி கலந்து சுண்டைக்காய் அளவு உருண்டை பிடித்து, ஃபெவிகாலால் பாண்டத்தின் அடியில் மூன்று இடத்தில் ஒட்டுங்கள். மூடிக்கும் ஜாடிக்கும் நடுவிலும் அதே உருண்டைதான், கொஞ்சம் சின்னதாக. ஷெல்ஃப் பூச்சிலும் சிலிக்கா கலக்கக் கூடாது. சோடாவுக்கு அது தீனி.

*நிறம் தாண்டுதல்.* வெள்ளைக் குவளையில் ஒரு பக்கம் மட்டும் ரோஜா நிறம் ஏறியிருந்தால், பக்கத்தில் செம்பு கிளேஸ் பூசிய பாண்டம் நின்றதா என்று வரைபடத்தில் பாருங்கள். செம்பு ஆவியாகி அண்டை வீட்டுக்குப் போகும். அங்கே வெள்ளீயம் கலந்த வெள்ளைக் கிளேஸ் இருந்தால் நன்றாகவே தெரியும். செம்பு கிளேஸைச் சாப்பாட்டுப் பாண்டத்தின் உள்ளே பூசவே வேண்டாம் என்பேன். எந்த லைனரானாலும் ஓர் எலுமிச்சைத் துண்டை இரவு முழுக்க உள்ளே வைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் அந்தக் குவளையில் பேனா வைக்கலாம், தேநீர் ஊற்றக் கூடாது. நிறம் மாறவில்லை என்பதால் மட்டும் அது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. விற்பனைக்குப் போகும் பாண்டம் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

படி 6: இப்போது செய்முறை

இத்தனையும் பார்த்த பின்னும் கோளாறு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வந்தால் செய்முறையில் கை வைக்கலாம். ஒரு சுடலுக்கு ஒரே ஒரு மாற்றம். சைனா கிளேயைக் கூட்டினால் அந்த முறை சோடா அளவைத் தொடாதீர்கள், அடுக்கையும் மாற்றாதீர்கள். பொறுமை வேண்டும், எங்களுக்கு மாதம் ஒரு சுடல்தான் முடியும், ஆகவே ஒரு கிளேஸைச் சரிசெய்ய அரை வருடம் ஆன கதையும் உண்டு.

ஒவ்வொரு சுடலிலும் ஒன்பது சோதனை ஓடுகள் வையுங்கள். ‘ட’ வடிவில் மடித்த, தானே நிற்கும் ஓடு: மேல் பாதி வெறும் களிமண், நடுவில் ஸ்லிப், கீழே கிளேஸ். சூளையின் முன், நடு, பின் மூன்றிலும் அடி, இடை, மேல் என்று ஒவ்வொன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் இடத்தையும் சுடல் எண்ணையும் இரும்பு ஆக்சைடால் எழுதுங்கள். எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு பலகையில் ஒன்பது ஒன்பதாக ஆணியடித்து மாட்டியிருக்கிறோம். புதிதாக யாராவது பாண்டம் சுட வந்தால் முதலில் அந்தப் பலகை முன்னால் நிற்க வைத்து, “உங்களுக்கு எந்த ஓடு பிடிக்கிறது?” என்று கேட்போம். அவர்கள் கை காட்டும் ஓடு எந்த இடத்தில் நின்றதோ அங்கேதான் அவர்களுடைய பாண்டம் போகும். ஓட்டில் ஆணிக்கான துளையை ஈரத்திலேயே தாராளமாக 6 மில்லிமீட்டருக்குப் போடுங்கள். களி சுருங்குவதும் சோடா படிவதும் சேர்ந்து சின்னத் துளையை அடைத்துவிடும்.